காலைப் பிடித்துவிட்ட கைகள்

கோரிமேட்டில் புதுச்சேரி முடிகிறது. திண்டிவனம் சாலையில் ஜிப்மர் மருத்துவமனை மதிலைத் தாண்டிச் சற்று நடந்தால் எல்லை வந்துவிடும். அந்தப் பக்கம் தமிழ்நாடு, வானூர் வட்டம், பட்டானூர். 1954 நவம்பர் 1 வரை இதே இடத்தில் இரண்டு அரசாங்கங்கள் எதிரெதிரே காவல் வைத்திருந்தன. ஆனாலும் இந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கம் பெண் எடுத்தார்கள், கொடுத்தார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால், வளைகாப்பு முடிந்த கையோடு வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் கர்ப்பிணிகள் இந்தச் சாலை வழியாகத்தான் பிறந்த வீடு போனார்கள். இன்று அதே சாலையில் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பஸ்ஸிலும் 108 வண்டியிலும் கர்ப்பிணிகள் ஜிப்மருக்கு வருகிறார்கள்.

நான் ஒரு அரசு மருத்துவமனையின் பிரசவ அறையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இங்கேதான் குடியிருக்கிறேன். இந்தச் சாலையில் போன, வந்த பெண்களின் வீங்கிய கால்களை யார் கையில் எடுத்தார்கள், அந்தக் கைகள் எப்போது விலகின, எப்படித் திரும்பி வருகின்றன என்பதை எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிரசவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கத்தியையும் மருந்தையும் எழுதுகிறார்கள். காலைப் பிடித்துவிட்ட கையை யாரும் எழுதுவதில்லை.

என் ஆயா, அம்மாவைப் பெற்றவர், வானூர் பக்கத்துக் கிராமத்தில் மருத்துவச்சி. ஏழாம் மாதம் தாண்டிய பெண் இருக்கும் வீட்டுக்குப் பொழுது சாய்ந்த பிறகு போவார். சின்னக் கிண்ணத்தில் விளக்கெண்ணெயைச் சூடு காட்டி எடுத்துக்கொண்டு தரையில் உட்காருவார். திண்ணைச் சுவரில் சாய்ந்திருக்கும் பெண்ணின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். முதலில் எண்ணெய் தடவமாட்டார். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, பள்ளம் விழுகிறதா, விழுந்த பள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். பிறகுதான் எண்ணெய். குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, மற்றக் கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைக் குதியிலிருந்து விரல் வரை அழுத்தி அழுத்திக் கொண்டுபோவார். விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து விடுவார். கடைசியில் கணுக்காலைச் சுற்றி நீவி, முழங்கால் பக்கமாக மெல்ல மேலே தடவுவார். அப்படித் தடவும்போது கணுக்காலுக்கு மேல் விரல் அழுந்தவே அழுந்தாது. கற்றுக்கொள்ளப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சொல்வாராம்: "அங்க அழுத்தாதடி. மாசம் ஆகறதுக்கு முன்னால புள்ள எறங்கிடும்."

கை வேலை செய்யும்போது வாய் விசாரித்துக்கொண்டிருக்கும். "புள்ள இன்னைக்கு அசஞ்சுதா? தல வலிக்குதா? கண்ணு மங்குதா? சோறு தின்னியா, மாமியா குடுத்தாளா?" காலைப் பிடித்துவிடுகிறவளிடம் எந்தப் பெண்ணும் எதையும் மறைப்பதில்லை. நர்ஸிங் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, கர்ப்பிணிப் பரிசோதனையில் நாங்கள் கேட்கும் கேள்விகளில் பாதியை ஆயா தரையில் உட்கார்ந்தபடியே கேட்டு முடித்திருக்கிறார்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தத் தொழில் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்களிடமும், பல இடங்களில் தலித் பெண்களிடமும் இருந்தது. கூலி நெல்லும் பழம்புடவையும் வெற்றிலை பாக்கும்தான். பிள்ளையை முதலில் தொட்டு எடுத்த கைக்கு, தீட்டுக் கழிந்த பிறகு அதே வீட்டின் அடுப்பங்கரையில் இடம் இருக்காது. அந்த அவமானத்தோடு சேர்த்துத்தான் இந்தக் கைத்திறனின் கதையைச் சொல்ல வேண்டும். ஊரே நம்பியிருந்த அறிவு அது. அந்த அறிவு உடையவளை ஊர் தள்ளியே வைத்திருந்தது.

மருத்துவச்சியின் கை தனியாக முளைத்ததல்ல. சித்த மருத்துவம் உடம்பைப் பிடித்துவிடுவதைத் தொக்கணம் என்று ஒரு முறையாகவே வகுத்திருக்கிறது. 32 புற மருத்துவங்களில் அது ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதற்கு 9 வகை. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் கைமாற்றி வந்த வர்ம மருத்துவம் 108 இடங்களைக் கணக்கிட்டு, எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று பிரித்தது. ஆயா இந்தச் சுவடி எதையும் படித்தவரல்ல. ஆனால் கர்ப்பிணியிடம் முறுக்கலும் தட்டலும் கூடாது, தடவலும் மெல்லப் பிடித்தலும் போதும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

தெரியாதவையும் இருந்தன. அந்த இடத்தில் பெண்கள் செத்தார்கள். காலோடு முகமும் சேர்ந்து வீங்கினால் ஆபத்து என்று ஆயாவுக்குத் தெரியும். ஜன்னி கண்டு பல் கிட்டிப் போனவளுக்குக் கொடுக்க அவரிடம் மருந்து இல்லை. குழந்தை குறுக்கே கிடந்தால் வழி இல்லை. பிரசவித்த பிறகு உதிரம் நிற்காவிட்டால் துணிதான் உண்டு. விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு போன கை, சில வீடுகளில் பிணத்துக்கு மஞ்சள் பூசிவிட்டுத் திரும்பியிருக்கிறது.

கோரிமேட்டிலிருந்து இதே சாலையில் சுமார் 35 கிலோமீட்டர் போனால் திண்டிவனம். 1890-களின் தொடக்கத்தில் அந்த ஊரில் நடந்த ஒன்று தென்னிந்தியப் பிரசவ வரலாற்றையே மாற்றியது. அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடரின் வீட்டுக்கு ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறொரு மேல்சாதி இந்து. மூவர் மனைவியருக்கும் பிரசவ வேதனை. மூவரும் தேடி வந்தது பெண் மருத்துவரை. ஆண் மருத்துவர் தொடுவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. வீட்டிலிருந்த மகள் ஐடா மருத்துவம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். வேலூரில் 1902-இல் மருத்துவமனை, 1909-இல் நர்ஸிங் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அவர் கட்டியதெல்லாம் அந்தத் திண்டிவனத்து இரவிலிருந்து தொடங்கியவை.

புதுச்சேரியில் மருத்துவக் கல்வி அதைவிட மூத்தது. பிரெஞ்சு அரசு 1823-இலேயே இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டது. சென்னை எழும்பூரில் பிரசவ மருத்துவமனை வந்தது 1844-இல். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, 1956-இல் புதுச்சேரிப் பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1964-இல் ஜவஹர்லால் நேருவின் பெயர் தாங்கிய ஜிப்மராக உயர்ந்து, கோரிமேட்டு மேட்டுநிலத்தில் நிலைகொண்டது. அந்த வளாகத்துக்கு இன்றும் தன்வந்திரி நகர் என்றே பெயர். 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. மாட்டு வண்டி போன சாலையின் ஓரத்தில் ரத்த வங்கியும் ஆபரேஷன் தியேட்டரும் வந்துவிட்டன.

பிரசவம் வீட்டைவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதை நான் முழு மனதோடு வரவேற்றவள், இன்றும் வரவேற்கிறவள். ஜன்னி கண்டவளுக்கு மக்னீசியம் சல்பேட்தான் சிறந்த மருந்து என்று 1995-இல் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வு நிலைநாட்டியது. ஆயாவின் கையில் இல்லாமல் போன அந்த ஊசியை நான் என் கையால் போட்டிருக்கிறேன். வலிப்பு நின்று, கண் திறந்து, "புள்ள எங்க?" என்று கேட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். 2018–20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்களும் தமிழ்நாட்டில் 54 தாய்மார்களும் இறந்தார்கள். ஆயா காலத்தை நினைத்தால் இது பெரும் வெற்றி.

அந்த வெற்றியில் ஒன்று கைநழுவிப்போனது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிரசவ அறையின் கதவு வரைதான் தாயும் மாமியாரும் வரலாம். வெந்நீர் பிளாஸ்கும் துணிமூட்டையுமாக அவர்கள் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே இரும்புக் கட்டிலில் பெண் தனியாகக் கிடப்பாள். ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்று இருக்கும் நிலையில் யார் காலை யார் பிடிப்பது? நாங்கள் நாடி பார்த்தோம், குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டோம், சலைன் ஏற்றினோம். ராத்திரி ஒரு மணிக்கு, "சிஸ்டர், என் கையை மட்டும் கொஞ்ச நேரம் புடிச்சுக்கோங்களேன்" என்று கேட்ட பெண்ணின் பக்கத்தில் நிற்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. உயிரைக் காத்த அந்த அறையில் ஆறுதலுக்கென்று ஓர் ஆள் ஒதுக்கப்படவில்லை.

தமிழ்நாடு அரசு 2004-இல் அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் பிரசவத் துணையை அனுமதித்தது. பெண்ணுக்கு நெருக்கமான ஒரு பெண் உடன் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளிலும் விரும்பிய துணை உடன் இருப்பது இடம்பெற்றது. வலி தணிக்க, பெண் விரும்பினால், உடம்பைப் பிடித்துவிடுவதையும் வெந்நீர் ஒத்தடத்தையும் அதே ஆவணம் பரிந்துரைத்தது. அம்மாக்கள் உள்ளே வந்த முதல் நாட்களில் நான் கவனித்தது இதுதான்: யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் கை இடுப்புக்கும் காலுக்கும் போயிற்று.

அந்த நேரத்தில்தான் இன்னொரு திசையிலிருந்தும் கை வந்து சேர்ந்தது. ரிஃப்ளெக்ஸாலஜி என்ற பாத அழுத்த முறையைச் சொல்கிறேன். அதற்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு உடம்பைத் தலை முதல் கால் வரை 10 நெடுக்குப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் அழுத்தினால் அதே பகுதியின் வேறோர் இடத்தில் வலி குறையும் என்றார். எட்வின் பவர்ஸோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1917-இல் வந்தது. யூனிஸ் இங்காம் என்ற பெண் அந்தக் கருத்தை எடுத்துப் பாதத்தில் மட்டும் பொருத்தி, பெருவிரலில் தலை, பாத வளைவில் வயிற்று உறுப்புகள், குதிகால் பக்கம் இடுப்பும் கருப்பையும் என்று ஒரு வரைபடமே போட்டார். அவர் புத்தகம் 1938-இல் வெளியானது. 1960-களில் டோரீன் பெய்லி அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிற்பாடு அங்குள்ள மருத்துவச்சிகள் சிலரும் அதைக் கற்றுக் கர்ப்பிணிகளுக்குச் செய்யத் தொடங்கினார்கள். ஆரோவில் 1968-இல் உருவானதிலிருந்து மேலைநாட்டுக் கைவைத்தியங்கள் பலவும் எங்கள் கடலோரத்துக்கு வந்தன. இன்று புதுச்சேரித் தெருக்களில் பாதத்தின் வண்ணப் படம் போட்ட பலகைகளைப் பார்க்கிறேன். கர்ப்பிணிகளும் போகிறார்கள்.

போகிறவர்களுக்கு உண்மையைச் சொல்வது என் கடமை. பாதத்தின் இன்ன இடத்துக்கும் கருப்பைக்கும் தனி நரம்புத் தொடர்பு உண்டு என்பதற்கு உடற்கூறியலில் ஆதாரம் இல்லை. அந்த வரைபடத்தைப் பார்த்து நோய் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் சுகம் பொய்யல்ல. ஆஸ்திரேலிய மருத்துவச்சி லின் மோலார்ட் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் கர்ப்பத்தின் பிற்பகுதியில் கால்வீக்கம் கண்ட 55 பெண்களை மூன்று குழுவாக்கினார். இரண்டு குழுவுக்கு இரண்டு விதமான ரிஃப்ளெக்ஸாலஜி, மூன்றாவது குழுவுக்கு வெறும் ஓய்வு. காலின் சுற்றளவை அளந்தபோது குழுக்களுக்கு இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் நிணநீர் ஓட்டத்தை நோக்கமாகக் கொண்ட முறையில் பிடித்துவிடப்பட்ட பெண்கள் தங்கள் தொந்தரவு நன்றாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். ஓய்வு மட்டும் எடுத்தவர்களுக்கும் உடம்பும் மனமும் தேறின. பிரசவ வலிக்குப் பிடித்துவிடுவது பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்த 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடு, வலியின் முதல் கட்டத்தில் அது வேதனையைக் குறைக்கக்கூடும், ஆனால் சான்றுகள் வலுவானவை அல்ல என்றது.

இதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. வளரும் கருப்பை இடுப்புக்குள் இருக்கும் சிரைகளை அழுத்துகிறது. காலில் இறங்கிய நீர் மேலே ஏறத் திணறுகிறது. காலை உயர்த்தி வைத்து, ஒருவர் அரை மணி நேரம் மேல்நோக்கி மெல்ல நீவிவிட்டால் கனம் குறைவதில் அதிசயம் இல்லை. கால்வீக்கத்துக்குக் காலை உயர்த்தி வைப்பதையும் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பதையும் உலக சுகாதார நிறுவனமே 2016-இல் பரிந்துரைத்திருக்கிறது. அந்த அரை மணி நேரம் அந்தப் பெண்ணுக்காக மட்டுமே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் மருந்துக்குச் சமம்.

கணுக்காலுக்கு மேல் அழுத்தாதே என்ற ஆயாவின் விதிக்கும் தூரத்து உறவு ஒன்று உண்டு. சீன மருத்துவத்தில் உட்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே ஒரு புள்ளி இருக்கிறது. அதை அழுத்தினால் வலி எடுக்கும் என்று நம்பி, மாதம் நிறைவதற்குள் அதைத் தொடக் கூடாது என்று ரிஃப்ளெக்ஸாலஜி கற்பிக்கிறவர்களும் எச்சரிக்கிறார்கள். புள்ளி அழுத்தத்தால் பிரசவ வலியைத் தூண்ட முடியுமா என்று பார்த்த 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பில் தெளிவான பலன் தெரியவில்லை. இருந்தும் அந்த விதியைக் கடைப்பிடிப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. நானும் கடைப்பிடிக்கிறேன்.

கடுமையாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. திடீரென்று முகமும் கையும் வீங்கினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிற்றில் வலித்தாலோ எண்ணெய்க் கிண்ணத்தைத் தூர வையுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அது காலைப் பிடித்துத் தீர்கிற விஷயம் அல்ல. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை சூடாகி வலித்தால் அதைத் தொடவே கூடாது. கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் உறையும். அங்கே உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிர் போகும். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் எதற்கும் பாத வரைபடத்தில் விடை கிடையாது. 2018-இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஓர் இளம்பெண் உதிரப்போக்கில் இறந்துபோனார். பழையதெல்லாம் நல்லது என்று பேசுகிறவர்களிடம் நான் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேசுவேன். ஆயா உயிரோடு இருந்திருந்தால், ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறவனை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

எங்கள் தெருப் பெண்களுக்கும், அவர்கள் வீட்டு ஆண்களுக்கும் நான் சொல்லிக்கொடுப்பது எளியது. மல்லாந்து படுக்க வைக்காதீர்கள். இடது பக்கம் சாய்த்தோ, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தோ, காலைச் சற்று உயர்த்துங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், பிறகு நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ. உள்ளங்காலை விரலின் சதைப்பகுதியால் அழுத்துங்கள், நகத்தால் அல்ல. கணுக்காலுக்கு மேல் தடவல் மட்டும், அதுவும் கீழிருந்து மேலாக. நரம்பு இழுத்துக்கொண்டால் பிசையாதீர்கள். முட்டியை நீட்டி, பாதத்தை அவள் முகத்தை நோக்கி மெல்ல மடக்குங்கள். அவள் போதும் என்றால் போதும். எண்ணெய்க் காலோடு எழுந்து நடக்க விடாதீர்கள், துடைத்துவிட்டு எழுப்புங்கள். செய்துகொண்டே ஆயா கேட்ட கேள்விகளைக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணிப் பரிசோதனை நாளில் எந்த ஆஸ்பத்திரிக் கூடத்திலும் பெண்கள் காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கூட வந்த அம்மாவும் கணவனும் அத்தையும் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு நர்ஸ் கால் மணி நேரம் நின்று, காலை எப்படிப் பிடிப்பது, எதைக் கண்டால் பயப்படுவது என்று காட்டினால், அவ்வளவு வீட்டிலும் ஒரு மருத்துவச்சியின் கை உருவாகிவிடும். கட்டடமோ கருவியோ தேவையில்லை. சாதி பார்த்து ஒருத்தியின் தலையில் கட்டி, நெல் அளந்து கூலி கொடுத்து, தீண்டாமல் தள்ளிவைத்த வேலையை எல்லோரும் செய்யலாம் என்றாகும். இதைக் கணவன்மார்கள் கற்றுக்கொள்வது எனக்கு இரட்டைச் சந்தோஷம். ஊசி எங்கள் பொறுப்பு. கால் உங்கள் பொறுப்பு. ஒரு பெண் பாதுகாப்பாகவும் ஆறுதலாகவும் பிள்ளை பெற இரண்டும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை இழந்த காலம் போதும்.